மூன்று அறை, இரண்டு கூரை

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ப்ளான்டயர் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஊர். அந்தப் பெயரைத்தான் மலாவியின் பெரிய வணிக நகரத்துக்கும் வைத்திருக்கிறார்கள். நான் இருப்பது முதல் ப்ளான்டயரை அடுத்த ஊரில். இந்தப் பழைய தொடர்பினாலேயே எங்கள் பக்கத்தில் மலாவிக்கு உதவும் சின்னச் சின்னக் குழுக்கள் நிறைய உண்டு. எங்களுடையதும் அப்படி ஒன்று. பன்னிரண்டு பேர், யாருக்கும் சம்பளம் கிடையாது. பழைய புத்தகம் விற்று, சனிக்கிழமைகளில் சாப்பாடு போட்டு, வருடத்துக்கு ஒன்பதாயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே சேர்ப்போம். மலாவியின் தென்கிழக்கில் ஃபலோம்பே மாவட்டத்தில் மூன்று ஆரம்பப் பள்ளிகளுக்கு அது போகிறது.

நான் அதன் பொருளாளர். ஐந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பள்ளிகளை நேரில் பார்த்ததே இல்லை. 2024 ஜூனில்தான் முதல் முறையாக என் சொந்தச் செலவில் போய் வந்தேன். அங்கே இரவுகளில் எழுதி வைத்ததைத்தான் இங்கே நாள்வாரியாகப் போடுகிறேன்.

ஜூன் 24, திங்கள். ப்ளான்டயர்

நான் வந்து சேர்ந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. விமான நிலையத்தில் ஒரு பெண் சீட்டு எழுதிக் கொடுத்து, "இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் அமாயி" என்றார். அமாயி என்றால் அம்மா. வயதில் மூத்த பெண்களையெல்லாம் இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆண்கள் என்றால் அபாம்போ, அப்பா. பெட்டி போன எரிச்சல் அந்த ஒரு சொல்லில் பாதி தணிந்தது.

பெட்டியில்தான் என் கம்பளிச் சட்டை இருந்தது. ஜூன் மாதம் இங்கே குளிர்காலம். மொசாம்பிக் பக்கத்திலிருந்து சிப்பெரோனி என்று ஒரு காற்று வரும், கூடவே நாள் முழுக்க மூடுபனியும் ஊசித் தூறலும். அடித்துப் பெய்யாமல் எலும்புக்குள் இறங்கும் ஈரம் அது. அந்தப் பெயரில் போர்வையே விற்கிறார்கள்.

கொடிகளெல்லாம் அரைக்கம்பத்தில். இரண்டு வாரத்துக்கு முன், ஜூன் 10ஆம் தேதி, துணை ஜனாதிபதி சாவ்லோஸ் சிலிமா சென்ற விமானம் வடக்கே சிகங்காவா காட்டில் விழுந்து, அதில் இருந்த எல்லோரும் இறந்துபோனார்கள். தங்கும் விடுதியில் வானொலியை மெல்லிய சத்தத்தில் வைத்திருந்தார்கள். இரவுச் சாப்பாடு தெருவோரத்தில். தகரப் பலகையின் நடுக்குழியில் இருந்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரித்து, முட்டைக்கோஸும் தக்காளியும் உப்பும் தூவிச் சிறு நெகிழிப்பையில் கொடுத்தார்கள். 1,500 குவாச்சா. பல் குத்தும் குச்சியால் குத்திச் சாப்பிட வேண்டும். சூடாக இருந்தது, அந்தக் குளிருக்கு அதுவே போதும்.

குவாச்சா என்றால் விடியல். அதன் சில்லறை தம்பாலா, சேவல். யாரோ யோசித்து வைத்த பெயர்கள்.

ஜூன் 25, செவ்வாய். லிம்பேயிலிருந்து ஃபலோம்பேக்கு

காலையில் லிம்பே சந்தையில் கவுன்ஜிகா கடைகள். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளுக்கு அந்தப் பெயர். ஏதோ ஒரு பள்ளியின் சின்னம் தைத்த பச்சைக் கம்பளிச் சட்டையை 4,000 குவாச்சாவுக்கு வாங்கினேன். இரண்டு பவுண்டுகூட இல்லை. கடைக்காரப் பையன் ஆறாயிரத்தில் தொடங்கியவன், நான் நடுங்குவதைப் பார்த்துத் தானாகவே இறங்கி வந்தான்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அறுபத்தைந்து வயதிருக்கும். அவரும் நானும் பத்து மணிக்கு மினிபஸ்ஸில் ஏறினோம். மினிபஸ்ஸுக்கு நேரம் கிடையாது, நிரம்பினால் புறப்படும். இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சாளரத்தருகே மந்தாசி வந்தது. இனிப்புப் போண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று 200. அப்புறம் அவித்த முட்டை, பேட்டரி, எலி மருந்து, வாழைப்பழம். வண்டிக்குள் யாரும் முணுமுணுக்கவில்லை. ஏறியவர் ஒவ்வொருவரும் உள்ளே இருப்பவர்களைப் பார்த்து "முலி ப்வாஞ்சி?" என்று நலம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

தியோலோ வழியாகப் போனோம். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் தியோலோ, ஊரார் வாயில் அது சோலோ. இரண்டு பக்கமும் தேயிலை. ஆப்பிரிக்காவில் விற்பனைக்கென்று தேயிலை முதலில் பயிரான இடங்களில் இந்தப் பகுதியும் ஒன்று. பெட்ரோல் நிலையத்தில் லிட்டர் 2,530 என்று பலகை. "போன நவம்பருக்கு முன்னால் 1,746" என்றார் ஆசிரியர், நான் கேட்காமலே. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முலாஞ்சே மலை சட்டென்று எழுந்தது. 3,002 மீட்டர், சமவெளியில் கொண்டுவந்து வைத்தது போல. அதன் முதுகைச் சுற்றிக்கொண்டு போனால் ஃபலோம்பே. ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.

ஜூன் 26, புதன். பள்ளி

2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் இந்த ஊர்களின் மேல் நின்று மூன்று நாள் கொட்டியது. ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில் பிறந்து, இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து, மொசாம்பிக்கை இரண்டு முறை அடித்த புயல். மலாவியில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,200 பேருக்கு மேல். மலையிலிருந்து உருண்டு வந்த பாறைகள் இன்னும் வயல் நடுவே கிடக்கின்றன. மண் சாந்து வைத்துக் கட்டியிருந்த பள்ளிக் கட்டிடம் ஒன்று அப்படியே கரைந்துபோனது. அதற்குப் பதிலாக மூன்று அறைகள் கட்டுவதுதான் எங்கள் சென்ற வருடத்தின் பெரிய வேலை. சிமெண்டும் கூரையும் நாங்கள், செங்கல்லும் மணலும் ஆளும் ஊர் என்று பேச்சு.

ஆறரைக்குப் போனபோது பெண்கள் நான்கு பேர் ஏற்கெனவே அடுப்பு மூட்டியிருந்தார்கள். மக்காச்சோளமும் சோயாவும் அரைத்த மாவில் லிக்குனி பாலா என்ற கஞ்சி. பெரிய பானையில் துடுப்பு போன்ற கரண்டியால் கிண்டுகிறார்கள், புகையில் கண் திறக்க முடியவில்லை. இந்தப் பெண்களுக்குக் கூலி கிடையாது. ஊர்களுக்குள் முறை வைத்து வருகிறார்கள். ஒருவர் முதுகில் குழந்தை. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து தண்ணீரும் இவர்கள் தலையில்தான் வருகிறது.

இந்த வருடம் கஞ்சிக்கு வேறு அர்த்தம். எல் நினோவால் மழை பொய்த்து, மார்ச்சில் நாட்டின் 28 மாவட்டங்களில் 23ஐப் பேரிடர்ப் பகுதி என்று அறிவித்தார்கள். அறுவடை முடிந்த மாதம் இது, குதிரில் சோளம் இருக்க வேண்டிய நேரம். பல வீடுகளில் இல்லை. கோப்பையை வழித்து நக்கிவிட்டு வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு சின்னப் பெண் பாதிக் கஞ்சியை மூடியுள்ள டப்பாவில் ஊற்றிக்கொண்டாள். தம்பிக்காம். சமையல் பெண்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள், அவள் கோப்பையில் இன்னொரு கரண்டி விழுந்தது.

முதல் வகுப்பில் 140 பிள்ளைகள், ஒரு ஆசிரியை. தரையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1994இல் மலாவி ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியது. ஏறக்குறைய 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை சட்டென்று 30 லட்சத்தை நெருங்கியது. கதவைத் திறந்தது சரிதான், அதை யாரும் மறுக்க முடியாது. அறையும் ஆசிரியரும் அந்த வேகத்தில் வரவில்லை, முப்பது வருடம் கழித்தும் வந்தபாடில்லை. அந்த ஆசிரியை பாட்டுப் பாடியே 140 பேரையும் கையில் வைத்திருந்தார். சுண்ணக்கட்டியை மூன்றாக உடைத்து, ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பைக்குள் போட்டார்.

அப்புறம் புதுக் கட்டிடத்துக்குக் கூட்டிப் போனார்கள். முதல் அறை, இரண்டாம் அறை, நல்ல கூரை, கரும்பலகை. மூன்றாவதற்குள் நுழைந்தேன். மேலே வானம். சுவர்கள் மட்டும் நின்றன. தரையில் நெருஞ்சி முளைத்திருந்தது.

என் பையில் இருந்த ஆண்டறிக்கையில் "மூன்று வகுப்பறைகள் கட்டி முடிக்கப்பட்டன" என்று இருந்தது. எழுதியது நான். தலைமையாசிரியர் "கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது அமாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாமரத்தடியில் நடந்துகொண்டிருந்த நான்காம் வகுப்பைக் காட்டினார்.

ஜூன் 27, வியாழன். கணக்கு

இன்று நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

காலையில் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தோம். எனக்கு மட்டும் நாற்காலி, அவர்கள் பெஞ்சில். பள்ளிக் குழுத் தலைவர், தாய்மார் குழுத் தலைவி, எங்கள் ஆசிரியர். தலைமையாசிரியர் ஒரு நோட்டை விரித்தார். எல்லாம் பென்சில் கோடு போட்டு எழுதியது. பேனாவுக்குச் செலவு என்றில்லை, தப்பினால் அழிக்கலாம் என்றார்.

அதில் முதல் பக்கம்: செங்கல் 42,000. எந்த ஊர் எவ்வளவு அறுத்தது, எந்தச் சூளையில் எத்தனை உடைந்தது, யார் வீட்டிலிருந்து எத்தனை வண்டி விறகு. தண்ணீர் சுமந்த பெண்களின் பெயர்கள் தனியாக, நாள்வாரியாக. மணலுக்கு இன்னொரு பக்கம். இது எதுவும் என் கணக்கில் இல்லை. "ஊரின் பங்களிப்பு" என்று ஒரு வரி போட்டு, தொகை இடத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தேன்.

கூரைக்கு வந்தோம். 2023 செப்டம்பரில் கூரைப் பணம் மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்பினோம். பிரித்து அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் என்பதால் நான்தான் அப்படிச் சொன்னேன். வந்த பணம் அன்றைய விலையில் 108 தகரத்துக்குப் போதும், அறைக்கு 36 வீதம் மூன்று அறைக்கும் சரியாக வரும். ஆனால் சுவர் முழுதாக எழும்பி, புகைப்படம் எங்களுக்கு வந்த பிறகுதான் தகரம் வாங்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தோம். அதுவும் நான் எழுதியது. வேறொரு நாட்டில் யாருக்கோ நடந்த ஏமாற்றைக் கேள்விப்பட்டு எழுதியது.

சுவர் நவம்பர் மூன்றாவது வாரம் முடிந்தது. நவம்பர் 9ஆம் தேதி நாட்டின் மத்திய வங்கி குவாச்சாவின் மதிப்பைக் குறைத்திருந்தது. ஒரு டாலருக்கு 1,180ஆக இருந்தது ஒரே நாளில் 1,700. வங்கியில் எங்கள் பணம் குவாச்சாவாகக் கிடந்தது. தகரம் வெளியிலிருந்து வரும் சரக்கு, கடைகளில் விலை மறுநாளே ஏறிவிட்டது. புகைப்படத்தைத் தபாலில் போட்டுவிட்டு, எங்கள் பதில் வந்த பிறகு, விதிப்படி அவர் கடைக்குப் போனபோது 108க்கான பணத்தில் 74 கிடைத்தது.

"நீங்கள் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே அபாம்போ" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தார். "எழுதினால் பணம் எங்கே போயிற்று என்று கேட்பது போல இருக்கும். கொடுத்தவர்களிடம் இது போதவில்லை என்று சொல்வது எங்களுக்கு வராது" என்றார். கடிதத்தில் "கூரை வேலை நன்றாக நடக்கிறது" என்று எழுதினாராம். அது பொய்யில்லை. அதற்குப் பின் நாங்கள் யாரும் எத்தனை அறை என்று கேட்கவில்லை. எங்களுக்கு வந்த படத்தில் இரண்டு அறைதான் தெரிந்தது, மூன்றாவது மரத்துக்குப் பின்னால் இருந்தது.

தாய்மார் குழுத் தலைவி சொன்னதுதான் என்னை மிகவும் உலுக்கியது. தகரம் குறைந்ததும் ஊர் கூடி, வீட்டுக்கு ஒரு தட்டு நந்தோலோப் பயறு என்று சேர்த்து விற்று, கைமரத்துக்கும் தச்சனுக்கும் கொடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டு கூரையும்கூட ஏறியிருக்காது. புயலில் பாதி வயல் மண் மூடிய வருடம் அது.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் மொழிபெயர்த்தார். அவர்கள் மூவரும் லேசாகக் கை தட்டினார்கள். உள்ளங்கையைக் குவித்து மெல்லத் தட்டுவது இங்கே மரியாதை, நன்றி, ஏற்பு எல்லாமும்தான். எனக்குத் தொண்டை அடைத்தது.

மதியம் சோறு இறங்கவில்லை என்று எழுத வேண்டும், ஆனால் இறங்கியது. பசி.

ஜூன் 28, வெள்ளி

நாள் முழுக்கத் தூறல். பச்சைச் சட்டை நனைந்துவிட்டது, யாரோ ஒருவர் தன் சித்தேஞ்சேயை, பெண்கள் இடுப்பில் சுற்றும் துணியை, என் தோளில் போட்டுவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்க ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தாய்மார் குழு என்பது பள்ளிதோறும் உண்டு. படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசித் திரும்பக் கூட்டி வருவதுதான் முக்கிய வேலை. 2017இல் அரசியல் சட்டத்தைத் திருத்தித் திருமண வயதைப் பதினெட்டாக்கினார்கள். தெட்சா பகுதியின் தலைவி தெரேசா கச்சிந்தமோட்டோ நூற்றுக்கணக்கான குழந்தைத் திருமணங்களை ரத்து செய்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது உலகத்துக்கே தெரியும். சட்டம் ஊருக்குள் வருவது இந்தக் குழுக்களின் கால்களில்தான். சென்ற வருடம் இந்தக் குழு ஏழு பேரைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. ஒருத்தி கைக்குழந்தையோடு ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். குழந்தையை அவள் பாட்டி மாமரத்தடியில் வைத்துக்கொள்கிறார்.

மாதவிடாய்த் துணி தைக்க நாங்கள் இரண்டு தையல் இயந்திரம் கொடுத்திருந்தோம். ஒன்று மூலையில் மூடிக் கிடந்தது. ஊசி உடைந்து நான்கு மாதமாம். ஏன் கேட்கவில்லை என்று நான் இன்று கேட்கவில்லை, பதில் தெரியும். ஊசி, நூல், எண்ணெய் என்று கணக்கில் ஒரு வரி நாங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 29, சனி. சந்தை

பெட்டி வந்துவிட்டது! ப்ளான்டயரிலிருந்து ஒரு மினிபஸ் ஓட்டுநர் கொண்டுவந்து கொடுத்தார். ஐயாயிரம் கேட்டார், மகிழ்ச்சியோடு கொடுத்தேன்.

வெயில் அடித்தது. ஆசிரியர் தன் மிதிவண்டியில், நான் கபாசாவில். மிதிவண்டியின் பின் இருக்கையில் மெத்தை கட்டி ஆளை ஏற்றிப் போகும் வண்டி அது. சில்வா ஏரிக் கருவாடு குவியல் குவியலாக. சோள மாவு விற்கும் பெண்களிடம் கூட்டம் குறைவு, விலை கேட்டுவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம்.

வயல்களில் நந்தோலோ பச்சையும் மஞ்சளுமாக ஆளுயரம் நிற்கிறது. சோளம் காய்ந்த இடத்தில்கூட அது நின்றிருக்கிறது. ஒரு காயை உரித்துக் கொடுத்தார்கள். துவரை! நம் சாம்பார்த் துவரைதான். தெற்கு மலாவி முழுக்கப் பயிராகி இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. வருடம் 50,000 டன் வாங்குவதாக 2021இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதற்கு முன், 2017இல், இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தபோது இங்கே விலை விழுந்து, மூட்டையை வாங்க ஆளில்லாமல் கிடந்ததாம். அந்த வருடம் தன் இரண்டாவது மகள் மேல்நிலைப் பள்ளியை விட்டுவிட்டாள் என்று கபாசாக்காரர் சொன்னார். பெடலை மிதித்துக்கொண்டே சொன்னார், திரும்பிப் பார்க்காமல். டெல்லியில் ஒரு அறிவிப்பு, திருநெல்வேலியில் என் அம்மா வாங்கும் பருப்பின் விலை, இந்த மனிதரின் மகள். மூன்றையும் சேர்த்து நான் நினைத்ததே இல்லை.

இரவுச் சாப்பாடு கஞ்சி கிண்டும் பெண்களில் ஒருவர் வீட்டில். வாசலில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளிருந்து "ஓடினி" என்று வந்தால்தான் நுழையலாம். அவர் மகள் முழங்காலிட்டுச் செம்பில் தண்ணீர் ஊற்ற, எல்லோரும் கை கழுவினோம். ன்சிமா, வெள்ளைச் சோளக் களி. உருட்டிக் குழி செய்து, வேர்க்கடலைப் பொடி போட்ட பூசணி இலைக் கூட்டைத் தொட்டுச் சாப்பிட்டேன். கேழ்வரகுக் களி சாப்பிட்ட கைக்கு அது தானாக வந்தது, அவர்களுக்கு ஆச்சரியம். கோழியும் இருந்தது. அந்த வீட்டில் இருந்த கோழிகளை வந்த அன்றே எண்ணியிருந்தேன், மூன்று. வேண்டாம் என்று சொன்னால் அவமதிப்பு. தின்றேன்.

ஜூன் 30, ஞாயிறு. ம்பொம்ப்வே

திரும்பும் வழியில் சிரட்சுலு மாவட்டத்தின் ம்பொம்ப்வேயில் இறங்கி ஜான் சிலெம்ப்வேயின் ஆலயத்தைப் பார்த்தோம். ஐந்நூறு குவாச்சா நோட்டில் இருப்பவர். 1915இல் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக எழுந்து கொல்லப்பட்டார். அதற்கு முன்னால் அவர் கட்டியவை பள்ளிகள். ஊர் மக்களின் உழைப்பில் எழுப்பிய பெரிய செங்கல் ஆலயத்தைப் படைகள் வெடி வைத்துத் தகர்த்தன. இப்போது நிற்பது பின்னால் கட்டியது. உள்ளே பாட்டு, நான்கு குரலாகப் பிரிந்து. நாங்கள் வாசலிலேயே நின்று கேட்டோம்.

ஒன்று உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். வழியெங்கும் மலைகள் மொட்டை. செங்கல் சுட விறகு, விறகுக்கு மரம், மரம் போன மலையிலிருந்துதான் ஃபிரெடியில் மண் இறங்கியது. சுடாத, சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல் இங்கேயே செய்கிறார்கள். அடுத்த கட்டிடத்துக்கு அதைப் பேசிப் பார்க்க வேண்டும், ஊர் சம்மதித்தால்.

ஜூலை 1, திங்கள். லிம்பே

கொடி இன்றைக்கும் அரைக்கம்பத்தில்தான். நாளை முழுதாக ஏறும் என்றார்கள்.

விடுதியில் விடியற்காலையில் ஆண்டறிக்கையைத் திருத்தி எங்கள் குழுவினருக்கு அனுப்பினேன். "இரண்டு வகுப்பறைகள் கூரையோடும் ஒன்று கூரை இல்லாமலும் உள்ளன. காரணம் நாங்கள் பணம் அனுப்பிய முறை." அதற்குக் கீழே செங்கல் 42,000, மணல், தண்ணீர் சுமந்த நாட்கள், நந்தோலோ எல்லாம், தலைமையாசிரியரின் நோட்டில் இருந்தபடியே. செயலாளர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார்: "கொடுத்தவர்களுக்கும் இதையே அனுப்பிவிடு."

பத்து மணிக்குத் தலைமையாசிரியரும் வந்து சேர்ந்தார். விடியும் முன்பே மினிபஸ் ஏறியிருக்கிறார். இரண்டு பேரும் இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரரின் தாத்தா குஜராத்திலிருந்து வந்தவராம், என்னைப் பார்த்து இந்தியில் பேச்சைத் தொடங்கி, எனக்கு வராது என்று தெரிந்ததும் உள்ளூர் மொழியான சிசேவாவுக்கு மாறிவிட்டார். முப்பத்தாறு வேண்டாம், முப்பத்துநான்கு போதும் என்றார் தலைமையாசிரியர். 74இல் இரண்டு மிச்சம், அதைப் பூட்டி வைத்திருக்கிறார். வீட்டுச் செலவுக்கென்று நான் கொண்டுவந்ததில் மீதி இருந்ததைக் கொண்டு இருபது தகரத்துக்கு அங்கேயே கட்டினோம். ரசீதைத் தலைமையாசிரியர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து ஊக்கு குத்திக்கொண்டார். தையல் ஊசி ஒரு பொட்டலமும் வாங்கினோம்.

மீதிப் பதினான்குக்கு விலைப்பட்டியல் கேட்டேன். கடைக்காரர் எழுதி, முத்திரை குத்தி, அடியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். ஏழு நாளைக்கு மட்டும் செல்லும்.